தெல்மிராவும் மூன்று போலித் தொலைநோக்கிகளும்

"மனுசங்க யாராச்சும் இருக்கீங்களாய்யா அங்க?"

தெல்மிரா தொலைபேசியைப் பார்த்துக் கத்துகிறார். வெங்காயத்தின் மேல் கத்தி நிற்காமல் ஓடுகிறது. உப்பு ஜாடியில் சாய்த்து வைத்த தொலைபேசி, புகார் என்றால் இரண்டை அழுத்துங்கள் என்று தேன் குரலில் சொல்கிறது. "ரெண்டை அமுக்கி அமுக்கி என் விரலே தேஞ்சுபோச்சு. இன்னும் எதை அமுக்கணும், உன் கழுத்தையா?" பள்ளிக்கூடச் சமையலறை ஜன்னலில் தொற்றிக்கொண்டு பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஆட்டுக்கறிக் குழம்பு கொதிப்பதற்குள் போலிச் சாமான் விற்ற அந்த இணையச் சந்தைக்காரர்களுக்குத் தினமும் இந்த அர்ச்சனை நடந்தாக வேண்டும்.

எங்கள் பியெத்ரா பாயா ஊரில் மாதச் சம்பளத்தோடு நிலைத்து இருப்பவர் இந்தச் சமையல்காரம்மா ஒருவர்தான். ஆசிரியர்கள் வருவார்கள், படகோனியக் குளிர் தாங்காமல் ஓடிப்போவார்கள். மற்றபடி நாங்கள் எல்லோரும் ஆட்டுக்காரர்கள். ஆட்டை நம்பி எந்த வங்கி கடன் அட்டை கொடுக்கும்? ஆகவே தெல்மிராவின் அட்டைதான் ஊருக்கே அட்டை. பூட்ஸ், பேட்டரி, துணி துவைக்கும் இயந்திரம், மணப்பெண்ணின் காலணி, எல்லாம் அதில்தான் வரும், அவர் பெயருக்குத்தான் வரும். பேருந்தில் வந்து இறங்கும் பொட்டலத்தை முதலில் மோந்து பார்ப்பார். பிறகுதான் பிரிப்பார். "என் அட்டையில வந்த சாமான் கெட்டுதுன்னா நான் கெட்ட மாதிரி" என்பார். நாற்பது வயது தாண்டிய என்னையும் "பையா" என்றுதான் கூப்பிடுவார். உட்காரச் சொல்லி மாத்தே பானத்தை நீட்டுவார், தொண்டையைக் காறுகிற கசப்பு. சர்க்கரை கேட்டால், "பல்லு விழுந்தப்புறம் கேளு" என்பார்.

துப்பாக்கிக்குத் தொலைநோக்கி வாங்க வேண்டும் என்று எவனாவது இப்போது வாயைத் திறந்தால் தொலைந்தான். அடுப்பங்கரையில் உட்கார வைத்துப் போலீஸ் விசாரணை மாதிரி நடத்துவார். "காட்டு அந்தக் கடையை. யாரு இவன்? கம்பெனிக்காரன்கிட்ட இவனைத் தெரியுமான்னு கேட்டியா? பாதி விலைக்குத் தர்றானாம், உன் மாமனாரா அவன்? படத்தைப் பாரு, கம்பெனிப் படத்தையே திருடிப் போட்டிருக்கான். சொந்தமா ஒரு படம் எடுத்து, சாமான் அடியில இருக்குற நம்பரு தெரியுற மாதிரி அனுப்பச் சொல்லு. அந்த நம்பரைக் கம்பெனிக்கு எழுதிக் கேளு. என்னது, சந்தையை விட்டு வெளியில தனியா பணம் அனுப்பணுமாமா? எந்திரிச்சுப் போடா!"

அவருக்கு இந்தப் பாடம் சும்மா வரவில்லை. போன வசந்தத்தில், ஆடுகள் குட்டி போடும் பருவத்துக்கு முன்னால், பூமா என்கிற மலைச் சிங்கத்தின் தொல்லை தாங்க முடியாமல் போயிற்று. அது பசிக்கு ஒன்றைத் தின்றுவிட்டுப் போகிற மிருகம் இல்லை. பட்டிக்குள் இறங்கினால் வெறி பிடித்தது போல் கிழித்துப் போட்டுவிட்டுப் போகும். நான், தெல்மிரா, மலையடிவாரத்துக் கிழவர் பெலிசாரியோ, மூவருக்கும் ஆடு உண்டு. மூவருக்குமாகச் சேர்த்து, பேர்போன கம்பெனியின் மூன்று தொலைநோக்கிகளை அந்த அட்டையில் வாங்கினோம். பெட்டி என்ன, பளபளப்பு என்ன! தெல்மிரா மோந்து பார்த்து, "பெயிண்டு வாசனை அடிக்குதே" என்றார். புதுசு அப்படித்தான் இருக்கும் என்று நான்தான் பெரிய மேதாவி மாதிரிச் சொன்னேன்.

இங்கே தோட்டா வாங்கப் பட்டணத்துக்குப் போக வேண்டும். அதனால் டப்பாவைச் சுட்டுத் தோட்டாவை வீணாக்குகிறவனை ஊரே பைத்தியம் என்று சொல்லும். தொலைநோக்கியை மாட்டி, ஒன்றிரண்டு சுட்டு, குறி சரியாக விழுந்தால் அதோடு சரி. எங்கள் மூன்றும் சரியாகத்தான் விழுந்தன. சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்குமே, அந்த ஒவ்வொரு உதைக்கும் கண்ணாடிக்குள் குறி பார்க்கிற கூட்டல் கோடு இடம் பெயர்ந்துகொண்டிருந்தது எங்களுக்கு எப்படித் தெரியும்? அசல் சாமான் ஆயிரம் உதை வாங்கினாலும் அசையாது. அந்தப் படுபாவிகள் விற்றது பொம்மை.

ஒரு விடியலில் பூமா பெலிசாரியோவின் பட்டிக்குப் பக்கத்துப் பாறையில், கூப்பிடு தூரத்தில், நிதானமாகப் பாதத்தை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கிழவர் சுட்டார். தவறியது. மறுபடி சுட்டார். பாறைதான் சிதறியது. மூன்றாம் நாள் அது மறுபடியும் வந்தது, அவரும் மறுபடி தவறவிட்டார். சினை ஆடுகளில் பாதி போயிற்று.

அவர் தொலைநோக்கியைக் குறை சொல்லவில்லை. இந்த ஊர் ஆண்களின் வீம்பு அது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். என் கண்ணு போச்சு, அவ்வளவுதான்" என்றார். வாழ்நாளில் குறி தவறாத மனிதர், கையை நீட்டி விரல்களைப் பார்ப்பதும் கண்ணைக் கசக்குவதுமாக நடமாடத் தொடங்கினார். கண் போன கிழவன் மலையில் தனியாக இருந்து என்ன செய்வது என்று, மீதி மந்தையை வியாபாரிக்குப் பேசி முடித்துவிட்டார். நகரத்தில் மகள் வீட்டு மாடிக்குப் போய் உட்காரப் போகிறாராம்.

அதே வாரம் என் தொலைநோக்கிக்குள் பனி மூட்டம் போட்டது. வெளியே துடைக்கிறேன், ஈரம் உள்ளே இருக்கிறது. தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். தெல்மிரா மாவு டப்பாவுக்கு மேலிருந்து தன்னுடையதை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அடிப்பக்கத்து எண்ணைப் படித்தார். என்னுடையதைப் படித்தார். மறுபடி தன்னுடையதைப் படித்தார். முகம் சிவந்துபோயிற்று.

"ரெண்டு பிள்ளைக்கும் ஒரே கைரேகையாடா பையா?"

நானும் இரண்டையும் திருப்பிப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே எண்.

"ஒவ்வொண்ணுக்கும் தனி நம்பரு இருக்கணும்டா! ஐயோ, அந்தக் கிழவன்! தன் கண்ணையே சந்தேகப்பட வச்சுட்டானுங்களே, நாசமாப் போறவனுங்க! கிளப்புடா வண்டியை!"

குழம்பை ஆசிரியையின் தலையில் கட்டிவிட்டு ஏப்ரனோடு வண்டியில் ஏறினார். வழியெல்லாம் அவர் வாயிலிருந்து வந்ததை இந்தப் பத்திரிகையில் அச்சிட மாட்டார்கள்.

போய்ச் சேர்ந்தபோது வியாபாரியின் லாரி நின்றிருந்தது. ஆடுகள் முக்கால்வாசி ஏறியாகிவிட்டன. பெலிசாரியோ வேலியைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தெல்மிரா யாரையும் கேட்கவில்லை. நேரே வீட்டுக்குள் போய், சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கியை எடுத்து வந்து, திருப்புளியால் அந்தத் தொலைநோக்கியைக் கழற்றினார். அடியைத் திருப்பி என்னிடம் காட்டினார். மூன்றாவதிலும் அதே எண்.

"பெரியவரே, இந்தாங்க. குழல் மேல இருக்குற பழைய இரும்புக் குறியை வச்சு ஒரு தடவை சுடுங்க."

"வேணாம் தாயி. எனக்குப் பரிதாபப்பட்டு வந்தியா?"

"பரிதாபமா? எனக்குப் பத்திக்கிட்டு எரியுது. திருட்டுச் சாமானை என் கையால உங்களுக்கு வாங்கிக் கொடுத்திருக்கேன். மூணுக்கும் ஒரே நம்பரு. உங்க கண்ணு போகல, அந்தக் கண்ணாடிதான் போலி!"

"கண்ணாடி மேல பழி போடச் சொல்றியா?"

"பழி போட வேணாம். சுடுங்க. குறி தப்புச்சுன்னா நானே உங்க மூட்டையைக் கட்டித் தரேன். பயமா இருந்தா சொல்லிருங்க, போயிர்றேன்."

கிழவருக்குக் கோபம் வந்துவிட்டது. அதற்காகத்தானே தெல்மிரா அப்படிச் சொன்னார். நான் ஓடிப்போய், அந்தப் பாறையின் மேலேயே ஒரு காலி மாத்தே இலை டப்பாவை வைத்துவிட்டு வந்தேன். பெலிசாரியோ வேலிக் கம்பத்தில் துப்பாக்கியைச் சாய்த்தார். கன்னம் துப்பாக்கிக் கட்டையில் படிந்தது.

வெடித்தது. டப்பா துள்ளிப் பாறைக்குப் பின்னால் போய் விழுந்தது.

"குருட்டு அதிர்ஷ்டம்" என்று வியாபாரி முணுமுணுத்தான். கிழவர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. இன்னொரு தோட்டாவைப் போட்டு, பாறை உச்சியில் துருத்திக்கொண்டிருந்த உள்ளங்கை அகலக் கல்லைப் பார்த்துச் சுட்டார். கல் தூளானது. கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றார். முதுகு குலுங்கியது. யாரும் அருகில் போகவில்லை.

"அப்போ பேசின பேச்சு?" என்றான் வியாபாரி.

பெலிசாரியோ சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "முன்பணம் வீட்டுக்குள்ள அப்படியே இருக்கு. எடுத்துக்கிட்டுக் கிளம்பு" என்றார்.

அவர் சொல்லி முடிக்கும் முன்பே தெல்மிரா லாரியின் பின்னால் போய்விட்டார். இரண்டு கையாலும் தாழ்ப்பாளை இழுத்து, கதவைத் திறந்துவிட்டு, முதலில் இறங்கத் தயங்கிய சினை ஆட்டின் பின்புறத்தில் பட்டென்று ஒரு தட்டுத் தட்டினார்.