ஆடு நடித்த படத்தைத் தேடிச் சாலைக் கடைத்தெருவுக்கு

சென்ற ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, காலை ஆறரை மணிக்கு நாகர்கோவிலில் திருவனந்தபுரம் பஸ் ஏறினேன். நாற்பத்திரண்டு மைல்; கட்டணம் திருவிதாங்கூர்க் காசில் இருபத்தொரு சக்கரம். யுத்தத்தினால் பெட்ரோல் இல்லை. பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பு ஒன்றைப் பொருத்தி, அதன் புகையில் வண்டியை ஓட்டுகிறார்கள். தக்கலை தாண்டுவதற்குள் என் வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமாகிவிட்டது.

பதினான்கு வருஷங்களுக்கு முன் திருவனந்தபுரத்து வக்கீல் ஒருவர் ஊமைப்படம் ஒன்று எடுத்தார். ஆடும் குரங்கும் நாயும் நடித்த சிரிப்புப் படம். அந்த ஆட்டைப் பழக்கியவன் என் தம்பி பொன்னையா. படத்திலும் ஆட்டுக்காரனாகவே வந்தான். போன வருஷம் மலேரியாவில் இறந்துபோனான். அவன் போட்டோ எடுத்துக்கொண்டதே இல்லை. அவன் முகம் மிச்சம் இருந்தால் அந்தப் படத்தில்தான் இருக்கவேண்டும்.

நான் அதைப் பார்த்ததில்லை. நாகர்கோவில் சினிமாக் கூடாரத்தில் அது ஓடியபோது டிக்கெட்டும் கையுமாக வாசல்வரை போனேன். உள்ளே ஜனங்கள் ஓவென்று சிரித்தார்கள். என்னையும் கண்டு, “ஆட்டுக்காரனுக்க அண்ணன்” என்று சிரிப்பார்களோ என்று கூச்சம் வந்துவிட்டது. திரும்பிவிட்டேன். வீட்டில் தம்பி, “எந்த இடம் பிடிச்சுது அண்ணே?” என்று கேட்டான். “ஆடு வாற இடம்” என்றேன்.

ஒன்பது மணிக்கு நெய்யாற்றின்கரையில் கரி கிளற வண்டி நின்றது. இறங்கி நின்றோம். ரோட்டோரத்து ஆடு ஒன்று கண்டக்டரின் டிக்கெட் கட்டை முகர்ந்தது. என் பக்கத்தில் இருந்த நெசவுக்காரர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

“பண்டு ஒரு படம் பாத்தேன், கேட்டேளா? ஒரு ஆடு கோர்ட்டுல கேஸுக் கட்டைத் தின்னுபோடும். ஆட்டுக்காரன் அதுக்க வாயில கைய விட்டு இழுக்கான். அது தாடியை ஆட்டிக்கிட்டு ஜட்ஜியைப் பாக்குது. சிரிச்சுச் சிரிச்சு மரிச்சுப்போனேன்!”

“ஆட்டுக்காரன் எப்படி இருந்தான்?” என்று கேட்டேன்.

“அவனாக்கும் படமே! குளத்துல விழுந்து எந்திரிச்சு, மீசையில பாசியோட ஒரு முழி முழிச்சான் பாருங்கோ...”

“ஓய், கதை மதி! கேறும்!” என்று பேச்சை நிறுத்தி வண்டியில் ஏறச் சொல்லி டிரைவர் கத்தினார். அது என் தம்பி என்று சொல்ல வாயெடுத்தேன். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். வண்டியில் ஏறிவிட்டேன். அவர் பாலராமபுரத்தில் நூல் மூட்டையுடன் இறங்கிப் போய்விட்டார்.

பத்தேகாலுக்குத் திருவனந்தபுரம். சாலைக் கடைத்தெருவில் அரிசி வண்டிகளுக்கு நடுவே நுழைந்து போனால் நான் தேடிய இரும்புக் கடை. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வக்கீல் சென்னைக்குப் போகும்போது படப்பெட்டிகளை இவரிடம்தான் நம்பி வைத்துவிட்டுப் போனார் என்று நாகர்கோவிலில் எங்கள் கோட்டாற்றுப் பாக்குக் கடைக்கு வருகிற ஒரு வியாபாரி சொல்லியிருந்தார்.

பெட்டி நாலு. மூடிதோறும் சந்தனமும் குங்குமமும் இருந்தன. திறந்தார். உள்ளே சுருள் சுருளாகப் படம் பளபளத்தது. ஒரு முனையை வெளிச்சத்தில் பிடித்தேன். அதன் வழியே எதிர்க்கடைச் சாக்கு மூட்டைகள்தான் தெரிந்தன.

“சரஸ்வதி பூஜைக்குத் தராசு, படிக்கல் எல்லாத்தையும் கழுவிப் பொட்டு வைப்போம்லா அண்ணாச்சி. இதுவும் ஒருத்தருக்குத் தொழில் சாமான்தான? பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு நாத்தம் வேற. வெந்நீரும் சோடா உப்பும் போட்டு நானே துடைச்சேன். தண்ணி கறுப்பா ஓடிச்சு. அழுக்குன்னுல்லா நெனச்சேன்!” அவர் குரல் தாழ்ந்தது. “வக்கீல் வந்தா எந்த மூஞ்சியோட நிப்பேன்? நீங்க அவருக்கு வேண்டியவுகளா?”

அந்தக் கறுப்புத் தண்ணீரில் போனது என் தம்பி என்று சொல்ல மனம் வரவில்லை. அந்த மனிதர் கும்பிட்டுத்தான் கழுவியிருக்கிறார். “இல்லை, சும்மா பார்க்க வந்தேன்” என்றேன்.

பெட்டியின் அடியில் தண்ணீர் படாத ஒரு துண்டு கிடந்தது. விரல் நீளம், நாலு படங்கள். நாலிலும் ஆடு மட்டும் நின்றுகொண்டு இடது பக்கம் பார்க்கிறது. இடது பக்கம் பலா இலையோடு யார் நின்றிருப்பான் என்று எனக்குத் தெரியும். “எடுத்துக்கிடுங்க” என்றார்.

இரண்டு மணி பஸ்ஸில் திரும்பினேன். பாலராமபுரம் வந்ததும் என்னை அறியாமல் எழுந்து இறங்கிவிட்டேன். நெசவுத் தெருவில் பாவு நீட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் காலையில் பஸ்ஸில் வந்த நெசவுக்காரரைப் பற்றி விசாரித்தேன்.

“பேரும் அறியாது, வீடும் அறியாது, ஆட்டுப் படம் பாத்த ஆளு வேணுமாக்கும்! கொள்ளாம், நல்ல கூத்து!” என்று தெருவே கேட்கச் சிரித்தாள். “அதுல உமக்கு என்ன காரியம்?”

“அந்த ஆட்டுக்காரன் என் தம்பி” என்றேன். முதல் தடவையாகச் சொன்னேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, தானே நாலு வீடு ஏறிக் கேட்டாள். ஆள் அகப்படவில்லை. ஐந்து மணிக்குக் கடைசி பஸ் வந்துவிட்டது.

எங்கள் வீட்டிலிருந்து, அன்று நான் வாசலோடு திரும்பிய அந்தக் கூடாரம் இரண்டு பர்லாங்குதான். இதைப் படிப்பவர்களில் யாராவது அந்தப் படத்தைப் பார்த்திருந்தால் கோட்டாற்றுப் பக்கம் வரும்போது பாக்குக் கடையில் வந்து சொல்லுங்கள். குளத்திலிருந்து எழுந்த பிறகு அவன் என்ன செய்தான் என்று எனக்குத் தெரியாது.