ஓமந்தை தாண்டாத மோர்மிளகாய்

2006ஆம் ஆண்டின் தொடக்கம். கிளிநொச்சி மாவட்டத்து ஸ்கந்தபுரம் எங்கள் ஊர். சமாதானம் என்று பெயருக்கு ஒன்று அப்போது இன்னும் இருந்தது. கொழும்பில் உள்ள வர்த்தகர் அமைப்பு ஒன்று சிறு உற்பத்தியாளர்களை வளைகுடா நாடொன்றில் நடக்கும் உணவுக் கண்காட்சிக்கு அழைத்துப் போகிறது, வன்னியிலிருந்தும் இரண்டு பேர் வரலாம் என்று எங்களுக்குத் தகவல் வந்தது. அங்கே புதிய சந்தை பிடித்துத் தருவார்களாம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வவுனியாச் சந்தைக்கே ஒழுங்காகப் போய்ச் சேர முடியாத ஆட்களுக்கு வெளிநாட்டுச் சந்தையா?

ஆனாலும் போனேன். எங்கள் மகளிர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். கெட்டித்தனத்தால் வந்த பதவி இல்லை, வாய் கொஞ்சம் நீளம் என்பதால் என் தலையில் கட்டினார்கள். சங்கத்தில் நாங்கள் செய்தது மோர்மிளகாய். பச்சை மிளகாயைக் கீறி, உப்புப் போட்ட மோரில் ஊறவைத்து, பகலில் வெயிலில் காயவிட்டு, பின்னேரம் திரும்ப மோருக்குள் போடுவோம். மோர் முழுவதும் மிளகாய்க்குள் இறங்கும்வரை இதே வேலை. எருமைத் தயிருக்கும் வெயிலுக்கும் எங்கள் பக்கத்தில் குறைவே இல்லை.

சங்கத்துப் பெண்களில் பெரும்பாலானோருக்குக் கணவர் இல்லை. சிலருடையவர்கள் செத்துப் போனார்கள், சிலருடையவர்கள் காணாமல் போனார்கள். என் மச்சாளும் அப்படித்தான். என் அண்ணனின் மனைவி. ஒருநாள் வேலைக்குப் போன அண்ணன் திரும்பவே இல்லை. இரண்டு பெண்பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அவள்தான் சங்கத்து வேலையை முன்னுக்கு நின்று செய்தாள். எவ்வளவு உப்பு, எத்தனை வெயில் என்றெல்லாம் அவளைக் கேட்காமல் யாரும் கைவைக்க மாட்டோம்.

எங்கள் தொல்லை விலைதான். வவுனியா வியாபாரி சொன்னதுதான் விலை. சோதனையில் லொறி காத்துக் கிடந்து சரக்குப் பிந்தினால் இன்னும் இறக்குவார். நாங்கள் அதைத் திருப்பி ஏற்றிக்கொண்டு வரமாட்டோம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். வெளியில் ஒருவர் வருஷம் முழுக்க ஒரே விலைக்கு எடுத்தால், இந்தப் பெண்கள் யாருக்கும் முன்னால் கைகட்டி நிற்கத் தேவையில்லை. அதற்காகத்தான் என்னை அனுப்பினார்கள்.

என்னோடு வந்தவர் முல்லைத்தீவுப் பக்கத்துக் கருவாட்டு வியாபாரி. முஸ்லிம் மனிதர், அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவோம். தொண்ணூறில் மற்ற வடக்கு முஸ்லிம்களைப் போலவே புலிகளால் குடும்பத்தோடு ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் கொட்டிலில் வாழ்ந்து, சமாதானம் வந்தபிறகு திரும்பி வந்து கருவாடு காயவைக்கும் வாடியைப் புதிதாகப் போட்டவர். அந்தக் கதையை அவராக எடுப்பதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

மாதிரிச் சரக்கை வாய் ஒட்டிய பைகளில் கொண்டுவரச் சொல்லிக் கொழும்பிலிருந்து முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். மெழுகுதிரியில் காட்டிப் பொலித்தீன் வாயை ஒட்ட எங்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் வவுனியாவுக்குப் போகும் வழியில் புளியங்குளத்தில் புலிகளின் சோதனை, ஓமந்தையில் இராணுவத்தின் சோதனை. ஒட்டிய பை என்றால் கத்தி வைத்துக் கிழிப்பார்கள். கிழிந்த பையை என்ன செய்வது? அதனால் வன்னியில் எல்லோரும் சணல் நூலால் உருவு முடிச்சுப் போட்டுத்தான் கட்டுவோம். ஒரு இழுவையில் அவிழும், பார்த்த பிறகு திரும்பக் கட்டிவிடலாம். கண்காட்சிக்குப் போன பைகளையும் மச்சாளும் நானும் அப்படியே கட்டினோம். நானாவும் கருவாட்டை அப்படித்தான் கட்டியிருந்தார். கொழும்பில் வைத்து ஒட்டியிருக்கலாம். அது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

அந்த நாட்டு விமான நிலையத்தில் இறங்கியதும் சீருடை போட்ட ஒருவரைக் கண்டேன். உடனே பெட்டியை மேசையில் தூக்கி வைத்து, திறந்து, உடுப்புகளை ஒவ்வொன்றாக வெளியில் எடுத்து அடுக்கத் தொடங்கிவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கையைக் காட்டி, மூடிக்கொண்டு போ என்றார். நானா பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே, "தங்கச்சி, இது ஓமந்தையில்லை" என்றார். நானும் சிரித்தேன்.

கண்காட்சி மண்டபத்தில் மற்ற நாட்டார் எல்லோரும் பளபளக்கும் பொதிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். எங்கள் மேசையில் சணல் முடிச்சுகள். ஆனாலும் பொரித்து வைத்த மிளகாயின் வாசம் ஆட்களை இழுத்தது. அப்படி வந்தவர்களில் ஒருவர் கேரளத்துக்காரர், அந்த நாட்டில் பல கடைகள் வைத்திருப்பவர், தமிழ் நன்றாகப் பேசுவார். ஒன்றைக் கடித்தார், இன்னொன்று கேட்டார். பிறகு பையைத் தூக்கி முடிச்சைப் பார்த்தார்.

"இதை யார் திறந்தது?" என்று கேட்டார்.

யாரும் திறக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், அது பொய். இரண்டு இடத்திலும் திறந்தார்கள், கையை விட்டுக் கிளறினார்கள். உள்ளதைச் சொன்னேன். அவர் முடிச்சைத் திரும்ப இறுக்கி, பையை மேசையில் வைத்தார். பிறகு மரியாதையாகத்தான் சொன்னார். வாய் திறந்த உணவைத் தன் கடையில் வைக்க முடியாது, அந்த நாட்டு அதிகாரிகள் தூக்கி எறிந்துவிடுவார்கள். ருசி பிடித்திருக்கிறது, பரீட்சார்த்தமாக ஒரு தொகை எடுக்கிறேன். ஆனால் ஒட்டிய பை, ஒட்டியபடியே என் கைக்கு வரவேண்டும், வழியில் ஒருவரும் திறக்கக் கூடாது என்றார்.

உலகத்தில் யாரிடமும் கேட்கக்கூடிய சின்ன நிபந்தனை. எங்களிடம் மட்டும் கேட்க முடியாதது. மேசைக்குப் பின்னால் இருந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். நானாதான் யோசித்துச் சொன்னார். ஓமந்தைவரை சாக்கில் கட்டிக் கொண்டுபோவோம், அவர்கள் ஆசை தீரக் கிளறட்டும். வவுனியாவில் தன் உறவினரின் கடைக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறது, அங்கே பெண்களைக் கூட்டிப்போய் நல்லதைத் தெரிந்தெடுத்து, துடைத்து, பையில் போட்டு ஒட்டுவோம். அதற்குப் பிறகு துறைமுகம்வரை தடையில்லை. கேரளத்துக்காரர் தலையாட்டினார். ஆவணி கழியமுன் அனுப்புங்கள் என்றார்.

ஊருக்கு வந்து சொன்னபோது மச்சாள் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். தன் தோட்டம் முழுவதும் மிளகாய் வைத்தாள், வெங்காயத்துக்கு என்று ஒரு பாத்திகூட விடவில்லை. அந்த வருஷம் வெயிலும் நன்றாக எறித்தது. சங்கத்து முற்றமெல்லாம் பாயும் சாக்கும் விரித்து, காகம் விரட்டி, கை எரிய எரிய மிளகாய் கீறினோம். இரவில் எரிவு தாங்காமல் கையைத் தயிருக்குள் வைத்துக்கொண்டு சிரிப்போம். அந்தச் சிரிப்புச் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கும்.

சாக்குகள் கட்டி முடிந்து, லொறியும் பேசியிருந்த நேரத்தில் சண்டை தொடங்கி, ஓமந்தையில் ஏ9 பாதையைப் பூட்டினார்கள்.

நானா அறையை ஒழுங்கு பண்ண வவுனியாவுக்குப் போயிருந்தார், அங்கேயே அகப்பட்டுவிட்டார். கிளிநொச்சிக்கு சைக்கிளில் போய், தொலைபேசிக் கடையில் காத்திருந்து அவருடன் பேசினேன். "என்னை ரெண்டாந்தரமும் வெளியில விட்டுப் பூட்டிப்போட்டாங்கள், தங்கச்சி" என்றார். அந்த மனிதர் தன்னைப் பற்றி என்னிடம் குறைப்பட்டது அந்த ஒருதரம்தான்.

பிறகு ஓமந்தையைக் கொஞ்சம் திறந்தார்கள். நோயாளிகள் போனார்கள், பாஸ் கிடைத்தவர்கள் போனார்கள். எங்கள் சாக்குகளுக்கு இடம் கிடைக்கவில்லை. எத்தனை பேரிடம் கெஞ்சினேன் என்று எனக்கே தெரியாது. கேரளத்துக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு நாட்டில் எடுத்துக்கொண்டார் என்று நானா சொன்னார். அவரைக் குறைசொல்ல என்ன இருக்கிறது? கடை வைத்திருப்பவர் தட்டை வெறுமையாக வைத்திருக்க முடியுமா? மாரி மழை பிடித்தது. சாக்குக்குள் ஈரம் ஏறி மிளகாய் பூஞ்சணம் பூத்துப் போனது. கிடங்கு வெட்டிக் கொட்டிய அன்று பெண்கள் யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த வருஷமும் மச்சாள் மிளகாய்தான் வைத்தாள். உனக்கு விசரா என்று கத்தினேன். "பாதை திறந்தா அந்தாளுக்கு என்னத்தைக் காட்டுறது?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

2008இல் செல் குண்டுகள் எங்கள் ஊருக்கும் வந்தன. ஸ்கந்தபுரத்தை விட்டு வெளிக்கிட்டோம், பிறகு இடம் இடமாக ஓடினோம். மச்சாள் ஒரு பை மோர்மிளகாயைத் தன் உடுப்புகளுக்குள் சுற்றி வைத்திருந்தாள், தொடவிட மாட்டாள். கடைசியில் கடற்கரையோரம் மாத்தளனில் கஞ்சி மட்டுமே சாப்பாடு என்று ஆனபோது, பிள்ளைகளுக்கு வாய்க்கு ஒன்றும் இல்லை என்று அவளாகவே அவிழ்த்தாள். எண்ணெய் இல்லாமல் நெருப்பில் வாட்டிக் கொடுத்தாள். ஒருநாள் காலை அவள் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் செல் விழுந்தது. அந்த மண்ணிலேயே அவளை வைத்துவிட்டு, இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு நான் நடந்தேன்.

சண்டை முடிந்து எங்களை அடைத்து வைத்த செட்டிகுளம் முகாமில் முள்கம்பிக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் பார்க்க வருகிற சனம். ஒருநாள் அந்தக் கூட்டத்துக்குள் நானா நின்றார். என் பெயரைச் சொல்லிச் சொல்லித் தேடி வந்திருக்கிறார். பிஸ்கட்டும் சவர்க்காரமும் கொண்டுவந்திருந்தார். என்னைக் கண்டதும் அழுதுவிட்டார், நானும் அழுதேன். எனக்கு ஏதாவது நல்ல செய்தி சொல்ல வேண்டும் என்று அவருக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவசரமாகச் சொன்னார்.

"அந்தக் கேரளத்துக் கடைக்காரர் கதைச்சவர், தங்கச்சி. சண்டை முடிஞ்சுதாம், பாதையும் திறந்திட்டாங்களாம், இனி மோர்மிளகாய் அனுப்பலாமோ எண்டு கேக்கிறார். உங்கட மச்சாளிட்டச் சொல்லுங்கோ, அவா சந்தோசப்படுவா."

ஊரிலேயே வாய்நீளக்காரி என்று பெயர் எடுத்தவள், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் சொன்னேன். "மச்சாள் இல்லை நானா. சங்கத்தில பாதிப்பேர் இல்லை. அவருக்கு என்ன சொல்லுறதெண்டு நீங்களே பாத்துச் சொல்லுங்கோ."

முகாம்காரர் நேரம் முடிந்தது என்று விரட்டும்வரை நானா அங்கேயே நின்றார். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் யார்மேல் என்று இன்றுவரை தெரியவில்லை. நல்ல எண்ணத்தோடு கேட்ட அந்த வியாபாரிமேல் நிச்சயமாக இல்லை. இப்போது ஏ9 வீதியில் லொறிகள் தங்குதடையில்லாமல் போகின்றன, பாதை திறந்துவிட்டது என்று எல்லோரும் சந்தோஷமாகச் சொல்கிறார்கள், என்னாலோ அதைக் கேட்கும்போதெல்லாம் அந்த முற்றத்தில் மிளகாய் கீறிய பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, பாதியில் நிறுத்திவிடத்தான் முடிகிறது.