இரண்டாவது ரயரின் காற்று

எனக்குப் பேய், பிசாசு, அமானுஷ்யம் என்ற கதைகளில் துளியும் நம்பிக்கை இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முழுவதையும் கேட்ட பிறகு நீங்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பீர்கள். நான் கரண்ட் வேலை செய்கிறவன். திருகோணமலையில் கோயில் திருவிழாக்களுக்கு லைட்டும் ஸ்பீக்கரும் கட்டுகிறவர்களில் நானும் ஒருவன். உரு வந்து ஆடுகிறவர்கள் எத்தனையோ பேரைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கண் செருகி, தலை விரித்து, தீயை மிதிக்கிறவர்கள்கூட என்னுடைய வயர் கிடக்கிற இடம் வந்தால் காலைத் தூக்கித் தாண்டித்தான் போவார்கள். தெய்வத்துக்கும் கரண்ட் என்றால் பயம்தான் என்று நான் பகிடி விடுவேன். என் வாய்க்கு அப்படி ஒரு கொழுப்பு.

எங்கள் வீடு சல்லிக் கிராமத்தில், கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே. ஒரே வளவுக்குள் இரண்டு வீடுகள். ஒன்றில் நாங்கள், மற்றதில் என் தம்பி தயாளனும் அவனுடைய மனைவி சுகந்தியும் பிள்ளைகளும். நான் கரண்டுக்குப் போனேன், அவன் கடலுக்குப் போனான். மாரி காலத்தில் கடல் பொல்லாதது, பெரும்பாலும் ஒருவரும் இறங்க மாட்டார்கள். என்னிடமும் ஒரு ஃபைபர் படகு இருக்கிறது, ஆசைக்கு வாங்கியது. அதை மழை தொடங்கும்போதே ட்ரெயிலரில் ஏற்றி வளவுக்குள் கொண்டுவந்து விட்டுவிடுவேன். தயாளன் அப்படி இருக்க மாட்டான். இரண்டு நாள் மழை விட்டால் கை துறுதுறுவென்று இருக்கும் அவனுக்கு. அன்றைக்கும் பின்னேரம் தனியாகப் போனவன், விடியப்புறம் ஒரு காற்று எழும்பியதே, அதற்குப் பிறகு திரும்பி வரவில்லை.

காற்று அடங்கியதும் கரையில் இருந்த ஆண்கள் எல்லோரும் இரண்டு படகுகளில் தேடப் போய்விட்டார்கள். அவன் வலை போடுவது வடக்கே, திரியாய்ப் பக்கம், அதனால் எல்லோரும் வடக்கே போனார்கள். அறிவிக்க வேண்டிய இடங்களுக்கும் அறிவித்தாயிற்று. எனக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. மாரியில் நீர் தெற்கே இழுக்கும். படகு கவிழ்ந்திருந்தால் ஆள் தெற்கேதான் போயிருப்பான், கோணேசர் மலையையும் தாண்டி. தெற்கே போக எங்களிடம் மிச்சம் இருந்தது என் படகு ஒன்றுதான், அது வளவுக்குள், ட்ரெயிலரின் மேல், இரண்டு சக்கரத்து ரயரும் காற்றுப் போய்த் தரையோடு ஒட்டிக் கிடந்தது.

பத்துப் பேர் இருந்தால் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். இருந்தது மூன்று பேர். நான், சுகந்தி, நசீர். நசீர் கிண்ணியாக்காரன், என் பழைய கூட்டாளி. எங்கள் பக்கம் மண் ஏற்றுகிற வேலைக்குத் தன்னுடைய லாண்ட்மாஸ்டரோடு வந்து நின்றவன், செய்தி கேட்டதும் அப்படியே வந்துவிட்டான். லாண்ட்மாஸ்டர் தெரியும்தானே, இரண்டு சக்கர உழவு மெஷின், கம்பியைப் போட்டுச் சுற்றி ஸ்டார்ட் பண்ணுவது. அது படகை இழுக்கும், ஆனால் அதில் பற்றரி கிடையாது. இது ஏன் முக்கியம் என்று இப்போது விளங்கும்.

என்னிடம் காற்றடிக்கிற ஒரு சின்னக் கொம்பிரசர் இருக்கிறது. கைப்பெட்டி அளவுதான், வாகனப் பற்றரியில் ஓடும். வீட்டுக் கரண்டில் ஓட்டவும் ஒரு சாமான் வைத்திருக்கிறேன், ஆனால் காற்றோடு ஊரில் கரண்டும் போய்விட்டது. கரண்ட்காரன் வீட்டில் கரண்ட் இல்லை, அதற்கு அன்றைக்குச் சிரிக்க ஒருவரும் இல்லை. என் ஓட்டோ எஞ்சின் இறக்கியபடி திருத்த வேலைக்கு நின்றது. அதன் பற்றரி மட்டும் குசினியில், அடுப்பு மூலையில் இருந்தது, பழைய பற்றரி, மாதக்கணக்கில் சார்ஜ் போடாதது. அதைத் தூக்கிவந்து கிளிப் இரண்டையும் கொழுவினேன்.

கொம்பிரசர் அழுதழுது ஓடியது. முதல் ரயர் மெல்ல மெல்ல எழும்பியது. நான் கேஜையே பார்த்துக்கொண்டு இருந்தேன், சுகந்தி குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அழவில்லை. பிள்ளைகளை என் மனைவியோடு கரைக்கு அனுப்பிவிட்டு, தலையை இழுத்து முடிந்துகொண்டு வந்து நின்றவள், இந்தக் குழாயை விட்டால் எல்லாம் போய்விடும் என்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தாள். முதல் ரயர் முடிந்தது. குழாயை இரண்டாவதற்கு மாற்றினேன். அரை நிமிடம்கூட ஓடியிருக்காது, மோட்டர் ஒரு முறை முனகிவிட்டு நின்றுவிட்டது.

மீற்றரை வைத்துப் பார்த்தேன். பற்றரி செத்துப்போயிருந்தது. கிளிப்பைச் சுரண்டினேன், மாற்றிப் பூட்டினேன், அடித்தேன், தூஷணத்தால் ஏசினேன். எதற்கும் அசையவில்லை. பக்கத்து வீட்டுச் சைக்கிள் பம்பை நசீர் ஓடிப்போய்த் தூக்கிவந்தான், அதன் வாசர் எப்போதோ போய்விட்டது, இழுத்தால் கைப்பிடிதான் வந்தது. ஒரு பக்கம் ரயர் கல்லுப்போல, மறுபக்கம் ரிம் சேற்றுக்குள். அப்படியே இழுத்தால் கரைக்குப் போகிற ஒழுங்கையைத் தாண்டுமுன் படகு சரிந்து விழும். நல்ல வெயில் எறிக்கத் தொடங்கியிருந்தது, மத்தியான நேரம், என் தம்பி எங்கேயோ தண்ணீருக்குள் கிடக்கிறான், நான் ஒரு ரயருக்குக் காற்றடிக்க வழியில்லாமல் சேற்றில் குந்தியிருக்கிறேன். அந்த நிலை என் எதிரிக்கும் வரக்கூடாது.

அப்போதுதான் சுகந்தி சொன்னாள்.

"அத்தான், முள்ளு ஏறுது."

கேஜ் முள்ளைச் சொல்கிறாள். நான் திரும்பிப் பார்க்காமலே, "மோட்டர் நிண்டுட்டுது பிள்ளை, அது ஏறாது" என்றேன்.

"ஏறுது. பாருங்கோ."

பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். முள் ஏறியது. ஒரே சீராக ஏறவில்லை, கொம்பிரசர் ஓடினால்தான் சீராக ஏறும். இது கொஞ்சம் ஏறும், நிற்கும். பிறகு கொஞ்சம் ஏறும், நிற்கும். நிற்கிற நேரத்தில் குழாய்க்குள் ஒரு சத்தமும் இல்லை. ஏறும்போது மட்டும் 'ஃபூ' என்று, வாயால் ஊதுகிறமாதிரி. மோட்டரில் கை வைத்தேன், ஒரு அதிர்வும் இல்லை. எங்கேயோ ஒரு லூஸ் கனெக்ஷன் விட்டு விட்டு வேலை செய்கிறது என்று நினைத்து, இரண்டு கிளிப்பையும் பற்றரியிலிருந்து பிடுங்கி எடுத்தேன்.

முள் மறுபடியும் ஏறியது.

நசீர் என் கையைப் பார்த்தான், பிறகு ரயரைப் பார்த்தான். "மச்சான், வயர் ரெண்டும் உன்ட கையிலடா இருக்கு" என்றான். அவன் குரல் அவனுடைய குரலாகவே இல்லை. அப்படியே ஒரு அடி பின்னுக்குப் போய், வாய்க்குள் எதையோ ஓதத் தொடங்கினான்.

ரயர் எழும்பியது. ஒவ்வொரு ஊதலுக்கும் படகு ஒரு நூல் அளவு நிமிர்ந்தது, சேற்றிலிருந்து ரிம் வெளியே வந்தது. எனக்குப் பயம் வரவில்லை, அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். சின்ன வயதில் முதன்முதலாகக் கோணேசர் மலை உச்சியில் நின்று கடலைக் குனிந்து பார்த்தபோது ஒன்று வந்ததே, கால் கூசி, வாய் அடைத்து, கும்பிட வேண்டும்போல, அதுதான் வந்தது. இத்தனை காலம் பகிடி விட்ட நான் கையில் இருந்த வயர்களைக் கீழே போட்டேன். எந்தக் கை, எந்த வாய், எங்கேயிருந்து? மூன்று பேரும் அசையாமல் நின்றோம். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், தெரியாது.

பிறகு ஊதலுக்கும் ஊதலுக்கும் இடையில் நேரம் கூடத் தொடங்கியது. ஊதலும் மெலிந்துகொண்டு வந்தது. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று நான் கெஞ்சிக்கொண்டு இருந்தேன், யாரிடம் கெஞ்சினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. குழாய் வாய் சரியாகப் பொருந்தாமல் கொஞ்சம் காற்று எப்போதும் கசியும். சுகந்தி அதன் பக்கமாக முகத்தைக் கொண்டுபோனாள். முகர்ந்து பார்த்தாள். அவளுடைய முகம் மாறியது.

"காணும்!" என்று கத்தினாள். "கழட்டுங்கோ அத்தான், போதும்! அவருக்கு வேணும்!"

நான் கழற்றும்வரை அவள் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை, தானே குழாயைப் பிடுங்கி எறிந்தாள். வால்விலிருந்து ஒரு மூச்சு என் முகத்தில் பட்டது. கொம்பிரசர்க் காற்று எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், ரப்பரும் சூட்டு எண்ணெயும் மணக்கும். இது ஈரமாக இருந்தது, இளஞ்சூடாக இருந்தது, கராம்பு மணத்தது.

"பல்லு நோவெண்டு நேற்றுப் பின்னேரம் வாய்க்குள்ள கராம்பு வைச்சுக்கொண்டு போனவர்" என்றாள் சுகந்தி. "மூச்சு இருக்கு அத்தான். ஆள் இருக்கிறார். இழுங்கோ!"

நசீர் கம்பியைப் போட்டு ஒரே சுற்றில் லாண்ட்மாஸ்டரைக் கிளப்பினான். அந்த ரயர் முழுதாக இறுகியிருக்கவில்லை, ஆனால் போதுமாக இருந்தது. ஒழுங்கைச் சேறெல்லாம் தாண்டிக் கரைக்கு வந்து, ட்ரெயிலரோடு தண்ணீருக்குள் இறக்கிப் படகை மிதக்க விட்டோம். நானும் நசீரும் ஏறினோம். தெற்கே, மலையைச் சுற்றிக்கொண்டு, வெளிக்கடலுக்கு ஓட்டினேன். அலை இன்னும் அடங்கவில்லை. எவ்வளவோ தூரம் ஒன்றும் இல்லை. பிறகு நசீர்தான் முதலில் கண்டான், அலைக்கு மேலே சப்பையாக ஒரு கறுப்பு வளையம், அதற்குள் ஒரு தலை.

லொறி ரியூப் ஒன்றை மிதவைக்காகப் படகில் கொண்டுபோவான் தயாளன். அதற்குள் கையைக் கொடுத்தபடி கிடந்தான். உதடெல்லாம் வெடித்து, கன்னம் வீங்கி, பேச ஏலாமல் இருந்தான். ஆனால் உயிர் இருந்தது. தூக்கிப் படகுக்குள் போட்டபோது என் முகத்துக்கு நேரே ஒரு மூச்சு விட்டான். கராம்பு. அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குழந்தைப்பிள்ளைபோல அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து அவன் சொன்னான். படகு கவிழ்ந்ததும் ரியூப்பைப் பிடித்திருக்கிறான், வால்வுக்குள் இருக்கிற சின்னக் கட்டை கழன்று விழுந்து காற்றுப் போகத் தொடங்கியிருக்கிறது. வாயை வைத்து ஊதுவதும், பெருவிரலால் பொத்துவதுமாக இருந்திருக்கிறான்.

"விடியவெல்லாம் ஊதின காத்து நிண்டது அண்ணா. வெயில் ஏறினாப் பிறகு ஊத ஊத எங்கயோ போகுது. மற்றப் பக்கத்தில ஆரோ உறிஞ்சி எடுக்கிறமாதிரி. ரியூப் சப்பையாய்க் கிடந்தது. ஆனா நான் தாழேல்ல. ஏனெண்டு எனக்கே தெரியேல்ல."

சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் யன்னலைப் பார்த்தேன். அந்த ரியூப்பை நான் பிறகு விரித்துப் பார்த்தேன், பொருத்து வாய் ஒரு முழத்துக்குப் பிளந்திருந்தது. அதில் ஒரு குழந்தைகூட மிதக்காது. நசீரிடம் சொன்னபோது, "இதை இனிக் கதைக்காத மச்சான்" என்று மட்டும் சொன்னான். தயாளனுக்கு நாங்கள் மூன்று பேரும் இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை.

இதோடு முடிந்திருந்தால் ஏதோ ஒரு கணக்குப் பிழை என்று என்னை நானே சமாதானப்படுத்தியிருப்பேன். அதற்குப் பிறகு முதல் ரயர் பல தடவை காற்றுப் போய்விட்டது, அடித்து அடித்து அலுத்துவிட்டேன். இரண்டாவது, சுகந்தி பிடுங்கியபோது எந்த அளவில் நின்றதோ அந்த அளவிலேயே நிற்கிறது. ஒரு புள்ளி இறங்கவில்லை. ரயர் கடைக்காரன் ஒருமுறை பார்க்க வந்து, அதில் ஒரு பெரிய ஆணி ஏறியிருப்பதாகக் காட்டி, குறடு எடுத்துப் பிடுங்கப் போனான். நான் அவனுடைய கையைப் பிடித்த பிடியில் அவன் பயந்துபோனான்.

போன மாதம் ஒரு காலை, தயாளன் கடலில். வெறும் ட்ரெயிலர் வளவுக்குள் நின்றது. நான் பல் விளக்கிக்கொண்டு நின்றேன், ஒரு சத்தமும் இல்லாமல் அந்தப் பக்கம் சரிந்தது. இரண்டாவது ரயர் சப்பையாகி, ரிம் தரையில் இருந்தது. பிரஷை எறிந்துவிட்டு ஓடிப்போய்க் கொம்பிரசரை எடுத்தேன். ஓட்டோப் பற்றரியில் கிளிப்பைக் கொழுவினேன். கொழுவி முடிந்து நிமிர்ந்தபோது, நான் சுவிட்சைத் தொடவே இல்லை, ரயர் எழும்பி நின்றது, பழைய அளவில்.

தயாளன் வழமைபோல மீனோடு வந்தான்.

"வலை கல்லில மாட்டிட்டுது அண்ணா. எடுக்கக் கீழ போனனான், காலும் சிக்கிட்டுது. கனநேரம் தண்ணிக்குள்ளயே நிண்டுட்டன். ஆனா ஒரு அதிசயம், மூச்சே முட்டேல்ல. இன்னும் இருந்திருக்கலாம்போல கிடந்தது."

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான். சுகந்தி குசினி வாசலில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டு இருந்தாள். அன்றிலிருந்து அவன் கடலில் இருக்கிற நேரமெல்லாம் அவள் மீன் வெட்டுவதும் உடுப்பு மடிப்பதும் ட்ரெயிலருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்துதான். நான் புதுப் பற்றரி ஒன்று வாங்கி, அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் எந்நேரமும் சார்ஜில் வைத்திருக்கிறேன்.