குழிக்குள் பேசுகிறவர்

சாங்லி பக்கத்து ஹரிபூரில் மஞ்சளை மண்ணுக்கடியில்தான் போட்டு வைப்போம். வாய் சிறுத்து வயிறு பெருத்த குழிகள். மாதக்கணக்கில் மூடிக் கிடந்த குழிக்குள் கெட்ட காற்று நிற்கும். அதனால் ஒரு நாள் முழுக்கத் திறந்து போட்டு, அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்ப்போம். விளக்கு அணையாவிட்டால் தோண்டிபா அண்ணன் மூட்டை கட்ட இறங்குவார். அவர் இடுப்புக் கயிறு என் கையில் இருக்கும். இறங்கியவர் ஓயாமல் பேச வேண்டும். பேச்சு நின்றால் ஆளைத் தூக்கிவிடுவோம்.

மேலே இருக்கும்போது அண்ணன் வாய் திறக்க மாட்டார். கூலி குறைத்தாலும் தலையாட்டல், மகள் கல்யாணத்திலும் தலையாட்டல். குழிக்குள் இறங்கிவிட்டால் மட்டும் முழங்கால் வலியிலிருந்து சாங்லி சந்தை விலை வரை கொட்டித் தீர்ப்பார். பதினெட்டு வருஷமாகக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

அவர் மனைவி ஹௌசா அண்ணிக்கு இது தெரியாது. சாப்பாடு கொண்டுவருவது மகள்தான். போன மாதம் அவளும் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் போன மறுநாள், அண்ணன் குழிக்குள் இருக்கும்போது, அண்ணியே துணிப்பையோடு வந்து சாப்பாட்டுத் தூக்கை என்னிடம் நீட்டினார்.

"பாக்ரி ரொட்டி இருக்கு பாண்டு, அவர்ட்ட குடுத்துடு. நான் மிரஜ்ல எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். இனி வரமாட்டேன்."

"என்ன அண்ணி இது?"

"பொண்ணு இருந்தா, பேச ஆள் இருந்துச்சு. இனி சுவரோட எப்படிக் குடித்தனம் பண்றது?"

வேறொன்றும் தோன்றாமல், "ரெண்டு நிமிஷம் இங்க உட்காருங்க" என்று குழியின் வாயைக் காட்டினேன். உள்ளேயிருந்து அண்ணனின் குரல் வந்துகொண்டிருந்தது.

"காலையில துணிய மடிச்சுட்டிருந்தா பாண்டு. போகாதேன்னு சொல்லத்தான் பக்கத்துல போனேன். பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கான்னு கேட்டுத் தொலச்சேன். எனக்கெல்லாம் எதுக்குடா நாக்கு? பிரசவக் காய்ச்சல்ல அவ கெடந்தப்ப, அவ மூச்சு விடறதையே விடிய விடியப் பாத்துட்டு உட்கார்ந்திருந்தேன். அதக்கூட அவகிட்டச் சொன்னதில்ல. அவ இல்லாத வீட்டுக்கு நான் எப்படிடா போவேன்?"

அண்ணி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். பிறகு குனிந்து, உள்ளே பார்த்துக் கேட்டார்:

"இத வீட்டுல சொன்னா முத்து உதிர்ந்துடுமா?"

பேச்சு நின்றது. அதற்குக் காரணம் கெட்ட காற்றல்ல என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பழகிய கை பதறி இழுத்துவிட்டது. உச்சி முதல் பாதம் வரை மஞ்சளாக அண்ணன் மேலே வந்து, அண்ணியின் முன்னால் தலைகுனிந்து நின்றார். உதடு இரண்டு முறை அசைந்தது. ஒரு சொல்லும் வரவில்லை. கூட நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

அண்ணி பையைக் கீழே போட்டுவிட்டு, என் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கி இரண்டு சுற்றாகத் தன் கையில் சுற்றிக்கொண்டார்.

"பாதி மஞ்சள் உள்ளதான கெடக்கு? எறங்கு. மிச்சத்தையும் சொல்லு."