சோற்றுக்கைப் பக்கம் ஆறு சுற்று

எனக்கு எட்டு வயது நடந்தபோது நான் ஒரு கல்யாணத்தைக் கெடுத்தேன். அது என் அத்தையின் கல்யாணம் என்பதால் இரண்டு நாள் வீட்டில் யாரும் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை, அத்தையைத் தவிர.

அத்தை அப்பாவின் தங்கை. சாந்தோமில் எங்களோடு இருந்துகொண்டு, பெண்கள் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தாள். உலகச் சண்டை தொடங்கியதும் அந்தப் பள்ளியில் இருந்த வெள்ளைக்கார டீச்சர் ஒருத்தி ஊருக்குக் கப்பலேறினாள். போகும்போது தன் கிட்டாரையும், அதைக் கற்றுக்கொள்ள ஒரு புத்தகத்தையும் அத்தையிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அத்தை பிரமாதமாக வாசித்தாள் என்று சொன்னால் பொய். நான்கு பாட்டு சுமாராக வரும். ஐந்தாவதில் பாதியில் நின்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். ஆனால் அந்த வாத்தியத்தை அவள் பார்த்துக்கொண்ட மாதிரி எங்கள் தெருவில் பெற்ற பிள்ளையைக்கூட யாரும் பார்த்துக்கொண்டதில்லை.

கடல் கூப்பிடு தூரத்தில். உப்புக்காற்று ஜன்னல் கம்பியையே அரித்துவிடும் என்றால் கிட்டார் தந்தி எம்மாத்திரம். அதனால் வாசித்து முடித்ததும் ஒவ்வொரு தந்தியையும் துடைக்க வேண்டும். அது என் வேலை. துணியில் தேங்காய் எண்ணெய் பட்டும் படாமலும் இருக்க வேண்டும், கொஞ்சம் கூடினாலும் எறும்பு வந்துவிடும். மரத்துக்கு அப்பாவின் பழைய வேட்டித் துணி. மழை நாளில் அத்தை அதை அம்மாவின் பழைய சேலையால் சுற்றிச் சமையலறைச் சுவரோரம் சாய்த்து வைப்பாள். கழுத்தின் முனையில் இருந்த ஆறு திருகாணிகளை மட்டும் நான் தொடக்கூடாது. வாசித்தபின் அவற்றைத் திருகித் தந்திகளைத் தளர்த்தி வைப்பது அத்தை மட்டுமே செய்யும் காரியம். முறுக்கியபடியே விட்டால் கழுத்து வளைந்துவிடுமாம்.

அத்தைக்கு இருபத்தாறு வயது ஆனபோது பெரம்பூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் உத்தியோகம். அவருடைய அம்மா முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்: பெண் மாதா கோயிலில் பாடினால் சந்தோஷம், மற்றபடி பாட்டு, கூத்து, வாத்தியம் எதுவும் தங்கள் குடும்பத்துக்கு ஆகாது. அம்மா அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். அவர்கள் வரும்போது கிட்டார் கண்ணில் படக்கூடாது. நிச்சயம் ஆனதும் அதை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். இந்த இடமும் தட்டிப்போனால் இனி ஒரு இடம் வராது என்றாள்.

"சரி அண்ணி," என்றாள் அத்தை.

அவர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு மயிலாப்பூர் போனாள். சண்டைக்காலத்தில் கிட்டார் தந்தி எங்கும் கிடைக்காது, வீணைத் தந்தியில்தான் சமாளித்தாள். மாட வீதிக் கடைக்காரர் தந்தியைச் சுருட்டிக் காகிதத்தில் மடித்துக்கொண்டே கேட்டார்.

"ஆத்துல யாரு வாசிக்கறா?"

"இதோ, இவதாங்க," என்று அத்தை என் தலையில் கை வைத்தாள்.

"பேஷ். எது வரைக்கும் ஆயிருக்கு?"

"இப்பதான் கீதம் முடிச்சிருக்கா."

நான் வீணையைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். அத்தையின் முகத்தில் ஓர் அசைவு இல்லை. வழி நெடுக எனக்கு ஒரே பெருமை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அப்பா கிட்டாரை உள்ளறைக் கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் தள்ளிவைத்தார். நாலு மணிக்கு மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் மாமாவும் வந்தார்கள். அம்மா கேசரியும் பஜ்ஜியும் கொண்டுபோய் வைத்தாள். அத்தை உள்ளறையில் புதுச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டதும் எழுந்தவள் குனிந்து என் காதில் சொன்னாள்.

"தந்தியைத் தளர்த்தாம வெச்சுட்டேன்டி. பெட்டியை நகர்த்திட்டு, கிட்டாரு தலைமாட்டுல உக்காந்து, மெல்லிசுத் தந்தியோட திருகாணியை சோத்துக்கைப் பக்கமா ஆறு சுத்து சுத்து. எண்ணிச் சுத்தணும்."

திருகாணியைத் தொட எனக்கு அனுமதி. கட்டிலுக்கு அடியில் புகுந்தேன். சோறு தின்னும் கையை ஒரு முறை பார்த்துக்கொண்டு, வாய்க்குள்ளே எண்ணியபடி சுற்றினேன். நாலாவதிலேயே திருகாணி கெட்டிப்பட்டது. சொன்ன சொல் தவறக்கூடாது என்று ஐந்தாவதையும் முக்கிச் சுற்றினேன். தந்தி அறுந்து என் விரலைக் கிழித்தது. கிட்டாரின் வயிறு முழுவதும் அதிர்ந்து எழுந்த சத்தம் கூடம் வரைக்கும் போனது.

"என்ன சத்தம் அது?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"பூனைங்க. எதையாச்சும் தட்டியிருக்கும்," என்றாள் அம்மா.

அந்த நேரம் பார்த்துத்தான் நான் ரத்தம் சொட்டும் விரலோடு அழுதுகொண்டு கூடத்துக்கு வந்தேன்.

"பூனை இல்லம்மா. அத்தை கிட்டாருதான். தளர்த்தத்தான் போனேன், அறுந்துடுச்சு."

மாப்பிள்ளையின் அம்மா அத்தையைப் பார்த்து, "கிட்டார் வாசிப்பியாம்மா?" என்றார்.

"தினமும் ஒரு மணி நேரம்ங்க," என்றாள் அத்தை, தலையைக் குனிந்தபடியே.

அவர் பாதி குடித்த காப்பியைக் கீழே வைத்தார். கடிதம் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். கடிதம் வரவில்லை.

அத்தை சொன்ன பக்கம்தான் சுற்றினேன் என்றதற்கு, சோற்றுக்கையும் பீச்சாங்கையும் தெரியாத பெண்ணைப் பெற்றேனே என்று அம்மா என்னை அடிக்க வந்தாள். அத்தை குறுக்கே வந்து என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய் விரலுக்குத் துணி சுற்றிவிட்டாள். அன்று சாயங்காலமே தையல் பெட்டியிலிருந்து மயிலாப்பூர்த் தந்தியை எடுத்துக் கிட்டாரில் மாட்டினாள். நல்லவேளை, முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தாள் என்று நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், அத்தை கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேன் என்று மறைப்புக்கு அந்தப்பக்கம் இருந்த சாமியாரிடம் சொன்னேன். அவர் முழுக் கதையும் கேட்டார். இரண்டு முறை இருமினார். "கிட்டார் நல்லா இருக்கா?" என்று விசாரித்துவிட்டு, மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். பெரிய பாவத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. பெரம்பூர்க்காரர்கள் படியிறங்கியபோது, அத்தை இனி எங்கும் போகமாட்டாள் என்று எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அந்த வீட்டில் நிம்மதி அடைந்த ஒரே ஆள் நான்தான் என்று வெகுகாலம் வெட்கப்பட்டேன். அதற்குப் பரிகாரமாகத் தந்திகளை இரண்டு முறை துடைத்தேன்.

கல்லூரியில் சேர்ந்த வருடம் அத்தை முதல்முறையாக என்னைத் தந்தி மாட்டச் சொன்னாள். கிட்டாரைத் தரையில் கிடத்தி, தலைமாட்டில் உட்கார்ந்து, மெல்லிசுத் தந்தியைக் கோத்துவிட்டுத் திருகாணியை இறுக்கப் பீச்சாங்கைப் பக்கமாகச் சுற்றினேன். தந்தி தொய்ந்தது. சோற்றுக்கைப் பக்கமாகச் சுற்றினேன். தந்தி இறுகியது. சந்தேகத்தில் இன்னொரு சுற்று சுற்றினேன். இன்னும் இறுகியது.

நான் அத்தையைப் பார்த்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். முகத்தில் ஓர் அசைவு இல்லை, வீணைக்கடையில் நின்ற அதே முகம்.

"அத்தே," என்றேன், "அந்த மூணு மந்திரத்தை நீங்கதானே சொல்லியிருக்கணும்?"

"பாத்துச் சுத்துடி," என்றாள் அத்தை, தலையை நிமிர்த்தாமல். "ஆறு வரைக்கும் தாங்காது."