மூவாரைப் பார்க்காமல் எழுதிய வாசனை

பத்து வருடமாக இந்த வலைப்பூவில் பஸ் கட்டணமும் சாப்பாட்டு விலையும்தான் எழுதி வருகிறேன். ஒரு செண்ட் பாட்டிலை முகர்ந்து பார்க்க எழுநூறு கிலோமீட்டர் போவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். போன பள்ளி விடுமுறையில் போய் வந்தேன். சந்தோஷமாகப் போனேன் என்று சொல்ல மாட்டேன். திருட்டு முழி முழித்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பதினேழு வருடத்துக்கு முன்பு ‘ஏழாவது நாற்காலி’ என்று ஒரு சிறுகதை எழுதினேன். என் வாழ்நாளில் எழுதிய கதை அது ஒன்றுதான். தெற்கே ஜொகூரில் மூவார் என்ற ஊர், அங்கே ஒரு நாற்காலிப் பட்டறை. மாலை நான்கு மணிக்கு எல்லோரும் போன பிறகும் தச்சர் கதவைச் சாத்தாமல் மனைவிக்காகக் காத்திருப்பார். அவர் சட்டையில் இருக்கும் வாசனையைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தேன். இனிப்பாக மணக்கும் ஈர மரத்தூள், வெண்ணெய் போட்டு வறுத்த காப்பி, மூடிய கூடைக்குள் மல்லிகை. பத்திரிகைப் போட்டியில் ஆறுதல் பரிசு கிடைத்தது. மூவாரிலிருந்து ஒரு வாசகர், “எங்கள் ஊரை அப்படியே கண்முன் கொண்டுவந்துவிட்டீர்கள்” என்று கடிதமும் போட்டார்.

நான் மூவாருக்குப் போனதே இல்லை. மரச்சாமான் என்றால் மூவார் என்று எங்கோ காதில் விழுந்திருந்தது. அதைப் பிடித்துப் போட்டுவிட்டேன். அந்தக் கடிதம் வந்த பிறகு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. என் மனைவி சரசுவிடம்கூட, “லாரி கம்பெனியில இருந்தப்ப ஒரு தடவ போனேன்” என்று அளந்து வைத்திருந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் மாலினியிடமிருந்து செய்தி வந்தது. மாலினிக்கு முப்பத்தெட்டு வயது. தம்போயில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். வீடு ஜொகூர் பாருவின் பெர்மாஸ் ஜெயாவில். வார இறுதிகளில் வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து தமிழ்க் கதைகளிலிருந்து வாசனைத் திரவியம் செய்கிறார். ரசாயனம் கிடையாது. பூ, வேர், மரம், கொட்டை என்று அசல் பொருள்கள் மட்டும்தான். என் கதையிலிருந்து தச்சரின் சட்டை வாசனையைச் செய்துவிட்டாராம். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. கதை நடந்த ஊரில், கதை நடந்த நேரத்தில், எழுதியவர் முகர்ந்து பார்த்துச் சரி என்று சொன்னால்தான் பாட்டிலில் பேரை ஒட்டுவார். “மூவார்ல, சாயங்காலம் நாலு மணிக்கு அண்ணே. அக்காவையும் கூட்டிட்டு வாங்க” என்று எழுதியிருந்தார். சரசு அதைப் படித்துவிட்டாள். அப்புறம் நான் எங்கே தப்பிப்பது?

வடக்கே எங்கள் சுங்கைப்பட்டாணியிலிருந்து ஜொகூர் பாருவின் லார்க்கின் பஸ் நிலையத்துக்கு வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணி பஸ். ஒருவருக்கு 78 ரிங்கிட். இரண்டு இடத்தில் நிறுத்தினார்கள். இரவு ஏழு மணிக்குச் சேர வேண்டியது, ஏழே முக்காலுக்குத்தான் சேர்ந்தது. பஸ்ஸுக்குள் குளிர் எலும்பைத் தொடும், துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். லார்க்கினிலிருந்து பெர்மாஸ் ஜெயா பதின்மூன்று கிலோமீட்டர். கைப்பேசியில் அழைத்த காருக்கு 17 ரிங்கிட் ஆனது. ஓட்டுநர் மலாய்க்காரர். சிங்கப்பூரில் பகல் வேலை, இங்கே மாலையில் கார். கடைத்தெருவுக்கு மேலே ஒரு சின்ன விடுதியில் அறை 110 ரிங்கிட். சுத்தம் என்று சரசுவே சொன்னாள். அதற்கு மேல் சான்றிதழ் வேண்டாம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மாலினி காரோடு வந்தார். முதலில் அவர் வீட்டுப் பின்னறையைக் காட்டினார். ஜாம் பாட்டில்களில் ஆல்கஹால் ஊற்றி ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்றை ஊறப்போட்டிருந்தார். காப்பிக்கொட்டை, வெட்டிவேர், ரம்பை இலை, ஜாதிக்காய். மல்லிகையை மட்டும் எண்ணெயில் போட்டு, தினமும் பூவை மாற்றுவாராம். ஒரு பாட்டிலில் காப்பி இரண்டு மாதம் ஊறியிருந்தது. என் கதைக்கு மட்டும் பதினான்கு தடவை கலந்து கீழே ஊற்றிவிட்டு, மறுபடி ஆரம்பித்திருக்கிறார்.

“ரெண்டு வருஷம் ஆச்சு அண்ணே. காப்பி வந்துருச்சு, மல்லி வந்துருச்சு. மரம் மட்டும் எதுன்னு பிடிபடல, கதையில இருந்தத வச்சுக் குத்துமதிப்பாத்தான் கலந்தேன்” என்றார். மேசையில் என் கதையின் நகல் இருந்தது. வாசனைப் பக்கம் முழுக்கப் பென்சில் கோடு.

பெர்மாஸ் ஜெயாவிலிருந்து மூவார் 190 கிலோமீட்டர். வடக்கு நெடுஞ்சாலையில் ஏறி, மச்சாப் ஓய்விடத்தில் கால் மணி நேரம் நின்று, பாகோவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினோம். நிதானமாக ஓட்டினால் இரண்டரை மணி நேரம். சுங்கக் கட்டணம், பெட்ரோல் எல்லாம் மாலினி கொடுத்தார், நான் நீட்டியதை வாங்கவில்லை. மச்சாப்பில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தேன். ஒரு முறை அவித்த சோளம் வாங்கலாமா என்று கேட்டேன். இன்னொரு முறை கழிவறை எங்கே என்று கேட்டேன். அவ்வளவுதான் என் வீரம்.

மூவாரில் ஆற்றங்கரையோரம் சாப்பிட்டோம். மீ பண்டோங் ஒன்பது ரிங்கிட், காரமான இறால் குழம்பில் மிதக்கிற நூடுல்ஸ். ஓலையில் சுட்ட மீன் ஒத்தாக்-ஒத்தாக் பத்து துண்டு வாங்கினோம், சரசு ஆறு தின்றாள். “லாரியில வந்தப்ப இதெல்லாம் தின்னீங்களா?” என்று கேட்டாள். “அப்ப இந்தக் கடை இல்ல” என்றேன். கடைப் பலகையில் எழுபது வருடம் என்று போட்டிருந்தது. நல்லவேளை, அவள் கவனிக்கவில்லை.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஊருக்கு வெளியே ஒரு நாற்காலிப் பட்டறைக்குப் போனோம். மேற்பார்வையாளர் குணா மாலினிக்கு ஏற்கெனவே பழக்கம். உள்ளே நுழைந்ததும் புளித்த பால் மாதிரி ஒரு வாடை. நான் மூக்கைச் சுருக்கியதைக் குணா பார்த்துவிட்டார்.

“ரப்பர் மரம் லா. அறுக்கும்போது இப்படித்தான் புளிச்ச வாடை வரும். இந்தத் தங்கச்சி நாலு தடவ வந்து, இனிப்பா வாசம் அடிக்கிற மரம் எதுன்னு கேட்டாங்க. நாங்க என்னத்தச் சொல்றது?”

மாலினி என் பக்கம் திரும்பினார். “அந்தக் காலத்துல வேற மரம் இருந்திருக்கும்னு நெனச்சுத்தான் கதைய மட்டும் நம்பிச் செஞ்சேன். நீங்க பாத்த பட்டறை எங்க இருந்துச்சு அண்ணே? அங்கயே போயித் தொறக்கலாம்.”

இதற்கு மேல் சோளம் கேட்க முடியாது. “நான் எந்தப் பட்டறையும் பாக்கலம்மா. இன்னிக்குத்தான் மொத மொறையா மூவாருக்கு வர்றேன்” என்றேன்.

மாலினி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. கையிலிருந்த பாட்டிலைப் பைக்குள் வைத்தார். பைக்குள் அச்சடித்த லேபல்கள் இருந்தன, ‘ஏழாவது நாற்காலி – மூவார், மாலை நான்கு மணி’ என்று. “இல்லாத வாசனைக்கு எப்படி அண்ணே பேர் வைக்கிறது? இதக் கீழ ஊத்திடுறேன்” என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. இரண்டு வருட உழைப்பை ஒரு பொய்யின் மேல் கட்ட வைத்துவிட்டேன்.

சரசு என்னை மேலும் கீழும் பார்த்தாள். “லாரியில வந்ததும் பொய்யா? நல்லா இருக்கு, வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்” என்றவள், மாலினியிடம் கையை நீட்டினாள். “அதக் குடும்மா. பதினோரு மணி நேரம் பஸ்ஸுல உக்காந்து என் இடுப்பு போச்சு. முகராமப் போக மாட்டேன்.”

மாலினி ஒரு காகிதத் துண்டில் இரண்டு சொட்டு விட்டு, பட்டறைக்கு வெளியே மரத்தடிக்குக் கூட்டிப்போய்க் கொடுத்தார். சரசு முகர்ந்தாள். தள்ளிப் பிடித்தாள். மறுபடி முகர்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

“இது உங்க சட்டை” என்றாள்.

“எந்தச் சட்டை?” என்று கேட்டேன்.

“ஆஸ்பத்திரியில. கண்ணு ரெண்டும் கட்டியிருந்தாங்களே. நீங்க கட்டில்கிட்ட வந்து பேசறதுக்கு முன்னயே இந்த வாசம் வந்துரும். அத வச்சுத்தான் நீங்க வந்துட்டீங்கன்னு தெரிஞ்சுக்குவேன்.”

கதை எழுதிய வருடம் சரசு மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டுப் பதினொரு நாள் வார்டில் இருந்தாள். பிழைப்பாளா, பிழைத்தால் பார்வை வருமா என்று டாக்டர்கள் சொல்லவில்லை. மாலை நாலரையிலிருந்து ஏழரை வரைதான் உள்ளே விடுவார்கள். நான் மூன்று மணிக்கே போய் எதிர்ச்சாரிக் காப்பிக் கடையில் உட்கார்ந்திருப்பேன். ஒரு பக்கம் பூக்கடை. இன்னொரு பக்கம் சீனர் ஒருவரின் சவப்பெட்டிப் பட்டறை. வாசலிலேயே பலகை இழைப்பார்கள், தூள் என் மேசை வரை பறக்கும். அங்கே உட்கார்ந்து லாரி ரசீதுகளின் பின்பக்கத்தில் எழுதியதுதான் அந்தக் கதை. சவப்பெட்டி என்ற சொல்லை எழுதக் கை வரவில்லை. நாற்காலி என்று எழுதினேன். அந்தக் கடையும் பக்கத்தில் இருக்க வேண்டாம் என்று நாட்டின் மறுகோடிக்குத் தள்ளி மூவார் என்று போட்டேன். சரசு கேட்டபோதெல்லாம் கேன்டீனில் இருந்ததாகச் சொன்னேன். பதினேழு வருடம் கழித்து அந்த மரத்தடியில்தான் அவளிடம் இதைச் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன், அதில் என்ன வெட்கம்.

“லூசு” என்றாள் சரசு. என் கையை விடவில்லை.

மாலினி மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அது என்ன மரம் அண்ணே?” என்று கேட்டார். அந்தப் பட்டறையில் போய்க் கேட்கிற தெம்பு அன்றைக்கு எனக்கு இல்லை என்றேன். பேனாவை எடுத்து ஒரு லேபலில் ‘மூவார்’ என்பதை அடித்தார். ‘நான்கு மணி’யை அடித்து ‘நாலரை மணி’ என்று எழுதி என்னிடம் நீட்டினார். சரி என்று கையெழுத்துப் போட்டேன். குணா எங்களுக்கு மூன்று நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்.

இனி போக நினைப்பவர்களுக்கு. மூவாரில் ஒரு இரவு தங்குங்கள், மாலையில் ஆற்றங்கரையில் நடக்க நன்றாக இருக்கிறது. எங்கள் அறை 95 ரிங்கிட். திரும்ப ஜொகூர் பாருவுக்குப் போகத் தேவையில்லை, மூவாரிலிருந்தே கோலாலம்பூருக்கு மூன்று மணி நேரப் பஸ் இருக்கிறது, 24 ரிங்கிட், அங்கே மாறி வடக்கே ஏறலாம். மூவார் காப்பித்தூள் அரைக் கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் கதை எழுதுகிறவராக இருந்தால், ஊர்ப் பேரைப் போடும் முன் ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுங்கள், பஸ் கட்டணம் ஒன்றும் பெரிதில்லை.

மாலினியின் பாட்டில் பத்து மில்லி 85 ரிங்கிட், ஜொகூர் பாரு தீபாவளிச் சந்தையில் கடை போடுவார். எங்களுக்கு ஒன்றைச் சும்மா கொடுத்தார். எங்களோடு தங்கிவிட்டு மறுநாள் மூவார் பஸ் நிலையத்தில் வழியனுப்பும்போது அவருக்கு ஒரு சங்கடம். “இயற்கைப் பொருள் அக்கா, கடைச் செண்ட் மாதிரி நாள் முழுக்க நிக்காது. மூணு மணி நேரம்தான் இருக்கும்” என்றார்.

“போதும்மா” என்றாள் சரசு, பாட்டிலைக் கைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டே. “அப்பயும் அவ்வளவு நேரந்தான் இவர உள்ள விட்டாங்க.”