கலைமணி அடித்த பனிமலை

சிதம்பரத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர் கலைமணி. ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் கை தேர்ந்த ஆள். இருந்து என்ன? அவர் அடித்த ஒன்றையாவது பெண்டாட்டி சௌந்தரம் சுவரில் மாட்டியிருப்பாளா?

அவள் தம்பி ஸ்ரீதர், கடலூரில் டிராயிங் வாத்தியார், ஜப்பான்காரர்கள் மாதிரி மரக்கட்டையில் செதுக்கி ஒரு பனிமலையை அச்சடித்துக் கொண்டுவந்தான். அன்றைக்கே அது கூடத்துச் சுவருக்கு ஏறிவிட்டது. வருகிறவர்களிடமெல்லாம் அதே பேச்சு: "எந்தம்பி கைங்க. பாத்தாலே குளுருதில்ல?" கேட்டுக் கேட்டு கலைமணிக்கு வயிறு எரிந்தது. நேற்று முளைத்த பயல்! தன் கைவேலை ஒன்றும் அந்தச் சுவரில் ஏறியே ஆகவேண்டும் என்று கறுவிக்கொண்டார்.

நான்கு ஞாயிற்றுக்கிழமை கடையில் உட்கார்ந்து பிளைவுட்டைச் செதுக்கினார். வானத்துக்கு நீலம், பாறைக்குக் கறுப்பு. பனிக்கு? சிவப்பு அட்டையில் எழுத்து அடிக்கிற வெள்ளை மை இருக்கவே இருக்கிறது. மூன்று பூச்சு அடித்தார். காய்ந்ததும் பார்த்தால், சுண்ணாம்பு அடித்த காம்பவுண்டு சுவர். கிழித்துப் போட்டார்.

அந்தப் பயல் எந்தக் கம்பெனி வெள்ளை வாங்கியிருப்பான்? சௌந்தரம் மார்க்கெட்டுக்குப் போன நேரம் படத்தை இறக்கி, பிரேமைக் கழற்றி, பனிமேல் விரலை ஓட்டினார். மையே இல்லை. சுற்றிலும் நிறத்தை அடித்து, பனி இருக்கிற இடத்தில் காகிதத்தை அப்படியே விட்டிருந்தான்.

"அடப்பாவி! ஒண்ணும் பண்ணாம விட்டதுக்கா இவ்ளோ பேரு?" எரிச்சல் இரண்டு மடங்கானது.

அடுத்த ஞாயிறு, அவரும் வெள்ளையைத் தொடவில்லை. மலை எழுந்து நின்றது. வீட்டு மேஜையில் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தார்.

சௌந்தரம் எடுத்துப் பார்த்தாள். "ஸ்ரீதர் எப்பங்க வந்தான்? அதவிட இது நல்லாவே இருக்கு!"

கலைமணி வாய் திறப்பதற்குள் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, தம்பிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துவிட்டாள்.

"நான் எதுவும் குடுக்கலியேக்கா," என்றான் ஸ்ரீதர். அப்புறம் படத்தைத் திறந்து பார்த்திருப்பான். "யாரு, மாமாவா அடிச்சாரு?"

சௌந்தரம் திரும்பி, புருஷனின் நீலம் ஏறிய விரல்களைப் பார்த்தாள். அந்தப் படத்தைச் சுவரில் வைத்துப் பார்த்தாள்.

"பரவால்ல," என்றது போன், சுரத்தில்லாமல். "வெள்ளதான் கொஞ்சம் ஜாஸ்தி விட்டுட்டாரு. எனக்கும் டைம் கெடைச்சிருந்தா…"

அந்தப் புகைச்சல் கலைமணிக்குத் தெரியாததா? இரண்டு மாசமாக அவரும் அதில்தானே வெந்தார். இப்போது வயிறு ஜில்லென்று குளிர்ந்தது.

"போன வச்சிடாத சௌந்தரம்," என்றார். "இன்னும் கொஞ்ச நேரம் பேசட்டும்."